லாக் நட் சாவியைக் காணோமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செங்கோட்டையிலிருந்து கொல்லம் போகிற 744ஆம் எண் நெடுஞ்சாலையில், புளியரைக்குக் கொஞ்சம் முன்னால் என் டயர் கடை. குற்றால சீசனுக்கு வருகிற வண்டி, கார்த்திகையில் மாலை போட்டுக்கொண்டு மலைக்குப் போகிற வண்டி, புனலூரிலிருந்தும் கொட்டாரக்கரையிலிருந்தும் தென்காசிக்கு ஜவுளி எடுக்க வருகிற வண்டி என்று வருஷம் பூராவும் ஆள் வந்துகொண்டே இருக்கும். அதில் அலாய் வீல் போட்டவர்கள் பாதிப் பேர் என்னிடம் கேட்பது ஒரே விஷயம்தான். தமிழில் "அண்ணாச்சி, சாவியக் காணோம்", மலையாளத்தில் "சேட்டா, கீ காணானில்லா". போனில் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் மொத்தத்தையும் இங்கே எழுதி வைத்துவிடுகிறேன்.

லாக் நட் என்றால் என்ன? என் காரில் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வீலைத் திருடிக்கொண்டு போகாமல் இருக்க, ஒவ்வொரு வீலிலும் நாலைந்து நட்டில் ஒன்றை மட்டும் வித்தியாசமாகப் போட்டிருப்பார்கள். மற்றதெல்லாம் அறுகோணமாக இருக்கும், அது மட்டும் வட்டமாக, முகத்தில் பூ மாதிரியோ பல் மாதிரியோ ஒரு வடிவம் வெட்டியிருக்கும். அந்த வடிவத்துக்குள் சரியாக உட்காருகிற ஒரு சின்ன இரும்புத் துண்டுதான் சாவி. அதன் ஒரு பக்கம் நட்டில் உட்காரும், இன்னொரு பக்கம் உங்கள் வீல் ஸ்பேனர் பிடிக்கும். நாலு வீலுக்கும் ஒரே சாவி. வோக்ஸ்வேகன், ஆடி மாதிரி வண்டிகளில் நட்டு இல்லை, போல்ட். அவற்றின் மேல் பிளாஸ்டிக் மூடி இருக்கும், அதையும் இழுத்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். லாக் போல்ட் மேலே இருக்கிற மூடி மற்றதைவிடக் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும்.

இன்றைக்கே போய்ப் பாருங்கள். பஞ்சர் ஆன ராத்திரியில்தான் நிறையப் பேருக்கு இப்படி ஒன்று தன் காரில் இருப்பதே தெரியவருகிறது. பழைய கார் வாங்கியவர்கள் என்றால் சொல்லவே வேண்டாம்.

சாவியைக் காணோம். எங்கேயெல்லாம் தேட வேண்டும்?

டிக்கி மேட்டைத் தூக்கி, ஸ்டெப்னியை வெளியே எடுத்து, அதற்கு அடியில் ஜாக்கி வைக்கிற தெர்மாகோல் குழிக்குள் கையை விடுங்கள். அப்புறம் டேஷ்போர்டு பெட்டி, கதவுப் பை, இரண்டு சீட்டுக்கு நடுவில் இருக்கிற பெட்டி, சீட்டுக்கு அடி, காருக்கு வந்த புத்தகம் வைத்திருக்கும் பை. சின்ன பிளாஸ்டிக் டப்பாவிலோ சுருக்குப் பையிலோ இருக்கும், ஏதோ உதிரி என்று நினைத்து வீட்டு அலமாரியில் எடுத்து வைத்திருப்பார்கள், அங்கேயும் பாருங்கள்.

அங்கேயெல்லாம் இல்லையென்றால் கடைசியாக எந்தக் கடையில் வீல் கழற்றினீர்களோ அங்கே போன் போடுங்கள். நான் இந்தத் தொழிலில் இருக்கிறவன், உள்ளபடி சொல்கிறேன்: சாவியைத் தொலைப்பது பெரும்பாலும் கார்க்காரர் இல்லை, எங்களை மாதிரி ஆட்கள்தான். வேலை முடிந்ததும் சாவி எங்கள் ஸ்பேனர் முனையிலேயே மாட்டிக்கொண்டு நிற்கும், அடுத்த வண்டி வந்துவிடும், அவ்வளவுதான். நானே ஒரு கொல்லம் வண்டிக்கு அலைன்மெண்ட் பார்த்துவிட்டு சாவியை ஏர் கன்னிலேயே (காற்று அழுத்தத்தில் நட்டைத் திருப்புகிற கருவி) விட்டுவிட்டேன். அவர் தென்மலை தாண்டிப் போன பிறகு எனக்குக் கண்ணில் பட்டது. கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ் கண்டக்டரிடம் காகிதத்தில் சுற்றிக் கொடுத்து அனுப்பினேன், அன்றைக்குப் பிழைத்தேன்.

நடுரோட்டில் பஞ்சர், சாவி இல்லை. இப்போது என்ன செய்ய?

ஒரு நிமிஷம். வீலைக் கழற்றித்தான் ஆக வேண்டுமா என்று முதலில் பாருங்கள். இப்போது ஓடுகிற கார்களில் பெரும்பாலும் டியூப்லெஸ் டயர்தான். ஆணியோ திருகோ டயரின் நடுப்பட்டையில் ஏறியிருந்தால், வீல் வண்டியிலேயே இருக்க, ஆணியைப் பிடுங்கி, ஓட்டையைக் குடைந்து, பசை தடவிய திரியை ஊசியால் உள்ளே செருகி, காற்று அடித்தால் கதை முடிந்தது. முன் வீல் என்றால் ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுசாக ஒடித்தால் கை போக இடம் கிடைக்கும். பின் வீல் என்றால் ஆணி வெளியே தெரிகிற வரைக்கும் வண்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக உருட்டி நிறுத்த வேண்டும். திரி, ஊசி, சிகரெட் லைட்டர் ஓட்டையில் மாட்டுகிற காற்றுப் பம்பு மூன்றையும் டிக்கியில் போட்டு வைத்திருந்தால் மலை ஏறுமுன் பாதிக் கவலை போய்விடும்.

போன மழைக்காலத்தில் புளியரை எஸ் வளைவில் ஒரு குடும்பம் மாட்டிக்கொண்டது. ராத்திரி பதினொரு மணி, சாரல், பின்னால் லாரி வரிசை ஹாரன் அடிக்கிறது. அவர் குடையைப் பிடித்துக்கொண்டு லாக் நட்டில் எதையோ வைத்துத் தட்டிக்கொண்டிருக்கிறார். போய்ப் பார்த்தால் நடுப்பட்டையில் ஒரு மரத் திருகு. கழற்ற வேண்டிய அவசியமே இல்லை. பத்து நிமிஷத்தில் திரி போட்டு அனுப்பினேன். தட்டினதில் நட்டின் முகம் மட்டும் பாழ்.

டயரின் பக்கவாட்டில் கிழிந்திருந்தாலோ வெடித்திருந்தாலோ திரி செல்லாது. அப்போது வண்டியை ஓரம் கட்டி, விளக்கைப் போட்டு, ஆளைக் கூப்பிடுவதுதான் வழி. காற்று இல்லாத டயரில் ஓட்டிக்கொண்டு வந்தால் டயரோடு அலாயும் போய்விடும்.

ஷோரூமில் வேறு சாவி தருவார்களா?

கம்பெனியிலேயே போட்டு வந்த லாக் நட் என்றால் கிடைக்க வழி உண்டு. சாவியோடு ஒரு குறியீட்டு எண் வந்திருக்கும், தனி அட்டையிலோ, சாவியின் மேலேயே வெட்டியோ. அந்த எண் இருந்தால் புதுசாக வரவழைத்துத் தருவார்கள். எண் இல்லாவிட்டாலும் சில சர்வீஸ் சென்டரில் ஒரு பெட்டி நிறைய எல்லா வடிவத்திலும் சாவி வைத்திருப்பார்கள், ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்துக் கழற்றிக் கொடுப்பார்கள். போவதற்கு முன் நட்டின் முகத்தைத் துணியால் துடைத்து, செல்போன் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து, நேர் எதிரே நின்று ஒரு போட்டோ எடுத்து அனுப்பிவிட்டுப் போங்கள், வீண் அலைச்சல் மிச்சம். அவசரம் இல்லையென்றால் இதுதான் முதல் வழி, மற்ற எதுவும் இதற்கு அப்புறம்தான்.

வெளியே வாங்கி மாட்டிய அலாயோடு வந்த நட்டுக்கு இந்த வசதி பெரும்பாலும் இருக்காது. மெக்கார்ட் மாதிரி பெயர் உள்ள கம்பெனி நட்டு என்றால் அந்த எண்ணை வைத்து அவர்களிடமே கேட்கலாம். பெயரே இல்லாத பத்தோடு பதினொன்று என்றால் அடுத்த கேள்விக்கு வாருங்கள்.

சரி, சாவி கிடைக்கவே கிடைக்காது. எப்படிக் கழற்றுவது?

சாக்கெட்டை, அதாவது நட்டின் மேல் கவிழ்த்துத் திருப்புகிற குழல் ஸ்பேனர் முனையை, அடித்து ஏற்றுவதுதான். பத்தில் எட்டு நட்டை நான் இப்படித்தான் எடுக்கிறேன்.

வண்டி தரையில் நிற்க வேண்டும், ஜாக்கியில் ஏற்றிவிட்டுச் சம்மட்டி தூக்காதீர்கள். சமதளம், கை பிரேக், கியர், எதிர்ப்பக்க வீலுக்கு முன்னும் பின்னும் கல் அண்டை. ஓடி வந்த வண்டி என்றால் வீல் ஆறட்டும். அப்புறம் முக்கியமான ஒன்று, பலர் தலைகீழாகச் செய்வது: மற்ற நட்டுகளைத் தொடாதீர்கள். "லேசானதையெல்லாம் முதலில் கழற்றிவிடலாம்" என்று கழற்றினால் வீலின் பிடிப்பு மொத்தமும் அந்த ஒற்றை லாக் நட் தலையில் வந்து விழும், அப்புறம் அது இன்னும் இறுகும். லாக் நட் முதலில், மற்றது பிறகு.

சாக்கெட் எப்படித் தேர்ந்தெடுப்பது என்றால், நட்டின் வெளி விட்டத்தைக் காலிப்பரில் அளந்துகொண்டு அதைவிட அரை மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டர் குறைவாக உள்ளதை எடுங்கள். 22 மி.மீ. நட்டுக்கு 21. சில நேரம் 21 லூசாகவும் 20 ஏறவே ஏறாமலும் இருக்கும். அப்போது அங்குல அளவு கைகொடுக்கும், 13/16 அங்குலம் என்பது 20.6 மி.மீ. பன்னிரண்டு முனை உள்ள சாக்கெட் வட்ட நட்டை நன்றாகக் கடிக்கும். அலாய் குழி குறுகலாக இருப்பதால் சாக்கெட்டின் சுவர் மெல்லியதாகவும் நீளமாகவும் இருக்க வேண்டும். செட்டில் உள்ள நல்ல சாக்கெட்டைப் பலி கொடுக்காதீர்கள், பழைய இரும்புக் கடையில் உதிரியாகக் கிடைப்பது போதும். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். குரோம் சாக்கெட் சில்லு தெறித்தால் எங்கே போகும் என்று சொல்ல முடியாது.

குழியைச் சுற்றி இரண்டு சுற்று டேப் ஒட்டி, சாக்கெட்டை நட்டின் மேல் நேராக வைத்து, ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ சுத்தியலால் நச்சென்று நாலைந்து அடி. சத்தத்தைக் கவனியுங்கள். முதல் அடிகளில் டங் டங் என்று கேட்கும், முழுசாக உட்கார்ந்ததும் சத்தம் செத்து, மொத்தையாக டொக் என்று வரும். அத்தோடு நிறுத்த வேண்டும், அதற்கு மேல் அடிக்கிற ஒவ்வொரு அடியும் வீல் பேரிங்குக்குத்தான் போகிறது. பிறகு இரண்டடி நீளக் கம்பியை மாட்டி, இடப்பக்கமாக, வெட்டி இழுக்காமல் ஒரே சீராக அழுத்துங்கள். கிறீச் என்று ஒரு சத்தம் வரும், மனசுக்கு அவ்வளவு நிம்மதியான சத்தம் வேறு இல்லை. அது வந்ததும் மற்ற நட்டுகளையும் லேசாக நெகிழ்த்திவிட்டு, அப்புறம் ஜாக்கி ஏற்றி, முழுசாகக் கழற்றிக்கொள்ளலாம்.

வெளியே வந்த நட்டு சாக்கெட்டுக்குள் இறுகிக் கிடக்கும். பின்பக்கச் சதுர ஓட்டை வழியாக ஒரு கம்பியை விட்டுத் தட்டினால் விழுந்துவிடும், அடுத்த வீலுக்கு அதே சாக்கெட் ஓடும். நாலாவது வீலுக்கு வரும்போது பெரும்பாலும் அதன் பற்கள் மழுங்கியிருக்கும், அதனால் இரண்டாக வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.

இதற்கென்றே உள்பக்கம் எதிர்ச்சுருளாகப் பல் வெட்டிய சாக்கெட் விற்கிறார்கள். இடப்பக்கம் திருப்பத் திருப்ப நட்டை இன்னும் இறுக்கிக் கடிக்கும். வேலை செய்கிறது, என்னிடமும் இருக்கிறது. வீட்டில் ஒரு தடவைக்கு மட்டும் செய்கிறவர் அதற்குச் செலவு செய்ய வேண்டியதில்லை.

சாக்கெட் ஏறியது, ஆனால் நட்டின் வெளி வளையம் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது!

அது இந்த வேலைக்குப் பயந்தே செய்த நட்டு. வெளியே ஒரு வளையம் சும்மா சுற்றும், உள்ளே உள்ள நட்டு அசையாது. வளையத்தை முதலில் தீர்த்துக்கட்ட வேண்டும், கூர்மையான உளியை நீளவாக்கில் வைத்து அடித்தால் விண்டுவிடும். விண்டதை மூக்குக் குறடால் பிடுங்கிவிட்டு, உள்ளே இருக்கிற சின்ன நட்டுக்கு ஏற்ற சாக்கெட்டை அடித்து ஏற்றலாம். அலாய் குழிக்குள் உளி நழுவினால் வீலில் கோடு விழும். கை பழகாதவர்கள் இதைக் கடையில் விடுவதே நல்லது.

வெல்டிங் வைத்து ஒரு நட்டை ஒட்டித் திருப்பினால் வந்துவிடும் என்கிறார்களே?

வந்துவிடும்தான். ஆனால் செய்யாதீர்கள். டயர் மாட்டியிருக்கிற வீலில் வெல்டிங் சூடு ஏறினால் உள்ளே ரப்பரிலிருந்து கிளம்புகிற வாயு தீப்பிடித்து டயர் குண்டு மாதிரி வெடிக்கலாம், காற்றை இறக்கிவிட்டாலும் அந்த ஆபத்து போகாது. இது தவிர எர்த் கிளிப்பைத் தப்பான இடத்தில் மாட்டினால் மின்சாரம் பேரிங் வழியாகப் பாய்ந்து அதைக் கெடுக்கும், ஏ.பி.எஸ். சென்சாரும் போகலாம். நட்டு ஒட்டி எடுத்தவர்கள் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள், "இத்தனை வருஷமாகச் செய்கிறேன், ஒன்றும் ஆனதில்லை" என்பார்கள். என் கடையில் கிடையாது.

துளை போட்டு எடுக்கலாமா?

எல்லாம் தோற்றபிறகு. லாக் நட் கடினப்படுத்திய இரும்பு, சாதாரண டிரில் பிட் அதன் மேல் வழுக்கி நீலமாகிப் போகும். கோபால்ட் பிட், குறைந்த வேகம், விடாமல் எண்ணெய், ஒரு நட்டுக்கு முக்கால் மணி நேரப் பொறுமை. நானே லேத் பட்டறைக்காரரைக் கூப்பிட்டுத்தான் செய்கிறேன்.

டபிள்யூ டி 40 அடித்தால் இளகுமா?

கொல்லம், ஆலப்புழைப் பக்கம் கடல் உப்புக் காற்றில் நின்ற வண்டி என்றால் கொஞ்சம் உதவும், ராத்திரி அடித்துவிட்டுக் காலையில் பாருங்கள். ஆனால் லாக் நட் பெரும்பாலும் தலை மூடியது, எண்ணெய் மரை வரைக்கும் போவதே கஷ்டம். டிஸ்க்கில் படாமல் அடியுங்கள், பட்டால் பிரேக் பிடிக்காது.

சாவி இருக்கிறது, ஆனால் வழுக்குகிறது. ஏர் கன் வைத்து எடுக்கட்டுமா?

சாவி உடைவதே அந்தக் கன்னால்தான். மெல்லிய பற்கள் அந்த அடியைத் தாங்காது. நட்டின் முகத்தில் அடைந்த மண்ணை ஊசியால் கிளறி எடுத்து, சாவியை ரப்பர் சுத்தியலால் தட்டி உட்கார வைத்து, கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு கம்பியால் திருப்புங்கள். கடையில் விட்டாலும் பக்கத்தில் நின்று "லாக் நட்டைக் கையால் எடுங்க தம்பி" என்று சொல்லத் தயங்காதீர்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்கள், கோபித்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.

திருப்பும்போது ஸ்டட் உடைந்துவிட்டது. வண்டி அவ்வளவுதானா?

இல்லை. மாருதி, ஹூண்டாய், டொயோட்டா மாதிரி நட்டு வகை வண்டிகளில் ஸ்டட், அதாவது நட்டு ஏறுகிற மரைத் தண்டு, தனித் துண்டு. டிரம்மையோ டிஸ்க்கையோ கழற்றி, பழையதைத் தட்டி எடுத்து, புதுசை இழுத்து உட்கார வைத்துவிடலாம். போல்ட் வகை வண்டியில் உடைந்தால்தான் தலைவலி, ஹப்புக்குள் மாட்டிய துண்டைக் குடைந்து எடுக்க வேண்டும். எதுவானாலும் ஒரு நட்டு குறைவாகப் போட்டுக்கொண்டு ஆரியங்காவு இறக்கத்தில் இறங்காதீர்கள்.

எடுத்தாகிவிட்டது. பதிலுக்கு எந்த நட்டு வாங்க?

இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள், நட்டுதானே என்று கையில் கிடைத்ததை மாட்டிவிடுவார்கள். இரண்டு விஷயம் பொருந்த வேண்டும். ஒன்று மரை. மாருதிக்கு எம் 12, 1.25 மரை (12 மி.மீ. தண்டு, மரைக்கு மரை 1.25 மி.மீ. இடைவெளி), ஹூண்டாய், டொயோட்டா, ஹோண்டா கார்களுக்கு எம் 12, 1.5 மரை. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், இரண்டு சுற்று ஏறவும் ஏறும், அதற்கு மேல் கன் வைத்து ஏற்றினால் ஸ்டட் மரை காலி. முதல் ஐந்தாறு சுற்று விரலால் ஏறாவிட்டால் அது உங்கள் நட்டு இல்லை.

இரண்டாவது, நட்டு வீலில் உட்காருகிற இடத்தின் வடிவம். கூம்பு வடிவம் உண்டு, பந்து மாதிரி உருண்ட வடிவமும் உண்டு. ஹோண்டாவின் சொந்த வீலுக்கு உருண்டது, வெளியே வாங்கும் அலாய்க்குப் பெரும்பாலும் கூம்பு. மாற்றிப் போட்டால் ஒரு ஓரத்தில் மட்டும் உட்கார்ந்து, ஓட ஓடத் தானாகக் கழன்று வரும். பழைய நட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். ஸ்டெப்னி இரும்பு வீல் என்றால் அலாய் நட்டு அதற்கும் உட்காருமா என்று ஒரு தடவை மாட்டிப் பார்த்துவிடுங்கள்.

எவ்வளவு இறுக்க வேண்டும்?

சின்னக் கார்களுக்குச் சுமார் 85 முதல் 110 நியூட்டன் மீட்டர், வோக்ஸ்வேகன் போலோவுக்கு 120. உங்கள் வண்டியின் சரியான அளவு காரோடு வந்த புத்தகத்தில் இருக்கும். கையளவில் சொன்னால், 40 செ.மீ. ஸ்பேனர் முனையில் 25 கிலோ எடை தொங்கினால் கிட்டத்தட்ட 100 வரும். 70 கிலோ ஆள் 30 செ.மீ. ஸ்பேனர் மேல் ஏறி நின்றால் 200 தாண்டிவிடும். அடுத்த தடவை ரோட்டோரத்தில் உங்கள் மனைவியோ அப்பாவோ அதைக் கழற்ற முடியாமல் நிற்பது இப்படித்தான். கையால் இறுக்கி, 50, 100 கிலோமீட்டர் ஓடியதும் ஒரு தடவை சரிபாருங்கள்.

மறுபடியும் லாக் நட் போடட்டுமா?

என்னைக் கேட்டால் வேண்டாம். மேலே எழுதியதைப் படித்தீர்கள் இல்லையா, நாலு அடியில் நான் எடுக்கிறதைத் திருடன் எடுக்க மாட்டானா? விலை உயர்ந்த அலாய், ராத்திரி தெருவில் நிற்கிற வண்டி என்றால் போடுங்கள், சோம்பேறித் திருடன் அடுத்த வண்டிக்குப் போவான். போட்டால் சாவியை ஜாக்கிக் கைப்பிடியோடு சேர்த்துக் கம்பியால் கட்டி வையுங்கள், குறியீட்டு எண்ணைப் போட்டோ எடுத்து வீட்டில் இரண்டு பேர் போனில் வையுங்கள்.

நட்டுக் கழற்ற வந்தால் ஆர்.சி. கேட்கிறீர்களே, நம்பிக்கை இல்லையா?

பூட்டை உடைக்கச் சொல்லி வருகிறீர்கள், கேட்கத்தான் செய்வேன். எம்பரிவாகனிலோ டிஜிலாக்கரிலோ காட்டினாலும் போதும். கேரளா வண்டி, தமிழ்நாட்டு வண்டி என்ற வித்தியாசம் எல்லாம் கிடையாது. 1956 வரைக்கும் செங்கோட்டையே திருவிதாங்கூர்-கொச்சியில்தான் இருந்தது, எனக்கு இரண்டு பக்கமும் மாமன் மச்சான் உண்டு.

உங்கள் கடையிலேயே என் சாவி இருக்குமோ?

இருக்கலாம், வந்து பாருங்கள். மேசை டிராயரில் இப்போது ஏழு சாவி அநாதையாகக் கிடக்கிறது. ஒன்றில் சிவப்புக் கயிறு கட்டியிருக்கிறது, இன்னொன்று குழந்தையின் சாக்ஸுக்குள் சுற்றி வைத்தபடியே இருக்கிறது, சாக்ஸில் மஞ்சள் வாத்துப் படம்.